காலி அட்டையில் நான் வாசித்த பெயர்

ஈரி நகரத்து ஸ்டர்ஜன்ஸ் அணியைக் குழியிலிருந்து தூக்கி நிறுத்தியவன் நான்தான். பயிற்சியாளர் இல்லை, முதலாளி இல்லை, கோட்டுப் போட்ட நிபுணர்கள் சத்தியமாக இல்லை. மாநகராட்சிக்கு முப்பத்து நாலு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ப்ரோனெக் ஸ்லிவ்கா ஆகிய நான், இரண்டே இரண்டு சொல்லில், தொலைக்காட்சியில், வாயில் இறைச்சி அடைத்த பெப்பரோனி ரொட்டி உருண்டை பாதியோடு அந்தக் காரியத்தை முடித்தேன்.

நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் ஆளாக என் மச்சான் ஆல்ஃபோன்ஸ் நிற்பான். என் மனைவி இரெங்காவின் அண்ணன். மாவட்டத்தின் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெட்ரோல் பங்கில் ஒரு சொட்டு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். சட்டைப் பையில் இன்றைக்கும் மடக்கு அளவுகோல் இல்லாமல் வெளியே வரமாட்டான். என் கல்யாணத்தில் நான் கட்டியிருந்த டையை அளந்து, அரை அங்குலம் கோணல் என்று சொன்ன மனுஷன்.

முதலில் அணியின் அருமை பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டர்ஜன் என்பது எங்கள் ஏரியின் அடியில் சேற்றைக் கிளறித் தின்று வாழும் மீன். பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி. ஏழு வருஷமாக அணி புள்ளிப் பட்டியலின் அடியைவிட்டு மேலே வந்து மூச்சே விட்டதில்லை. அந்த ஏழு வருஷத்தில் ஆறு பயிற்சியாளர்கள். ஒருவர் ஆட்டக்காரர்களைக் கண்ணை மூடி மூச்சுவிடச் சொன்னார். ஆட்டத்தின்போதும் அவர்கள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொருவர் சுவரெல்லாம் வாசகம் எழுதிவைத்தார். 'வெற்றி ஒரு பழக்கம்' என்ற வாசகத்துக்குக் கீழே நின்றுதான் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

எங்கள் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் இருந்தாலும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவோம். முன்வரிசையில் நிற்கும் குண்டர்கள் எதிரியைத் தள்ளி வழி விட்டால்தான் ஓடுகிறவன் ஓட முடியும், எறிகிறவன் எறிய முடியும். இது லாரி ஓட்டிய எனக்குத் தெரியும். எங்கள் நிபுணர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் டிராஃப்ட் நடக்கும். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் திருவிழா அது. கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை. எங்கள் ஆட்கள் வருஷா வருஷம் ஓர் அழகான பந்தெறிபவனைப் பொறுக்குவார்கள். முன்னால் மறித்து நிற்க ஆள் இல்லாததால் அவன் நவம்பருக்குள் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். உடனே அடுத்த ஏப்ரலுக்கு அடுத்த அழகனைத் தேடுவார்கள்.

போன வருஷத்துக் கூத்து எல்லாவற்றையும் விஞ்சியது. பதினாறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. கடைசி ஆட்டம் டொலீடோவுடன். அவர்களுக்கும் ஒரே வெற்றிதான். தோற்கிறவர்களுக்கு டிராஃப்டில் முதல் முறை. அந்த வருஷம் முதலில் எடுக்க வேண்டிய பந்தெறிபவன் சாதாரணமானவன் இல்லை. அவன் கல்லூரியில் எறிந்த ஒரு பந்து இன்னும் கீழே வரவில்லை என்கிறார்கள். ஆகவே ஊரே தோல்விக்காகப் பிரார்த்தனை செய்தது. பூசையில் எங்கள் பாதிரியார் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கண்ணைச் சிமிட்டினார். அறுபதாயிரம் பேர் மைதானத்துக்குப் போய் டொலீடோவுக்குக் கைதட்டினோம்.

எங்கள் பயல்களுக்கு ஒழுங்காகத் தோற்கக்கூடத் துப்பில்லை. கடைசி நிமிஷத்தில் டொலீடோக்காரன் உதைத்த பந்து அவர்கள் ஆளின் தலைக்கவசத்திலேயே பட்டு எங்கள் ஆள் கையில் வந்து விழுந்தது. அவன் பயந்துபோய் ஓடினான். பயத்தில் ஓடிய திசை சரியான திசையாக அமைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் விம்மி விம்மி அழுதார். முதல் முறை டொலீடோவுக்குப் போய்விட்டது.

மறுநாள் முதலாளி அறிக்கை விட்டார். அடுத்த பருவத்தில் ஒன்பது ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் அணியை மூட்டை கட்டி டெக்ஸாஸில் சான் அன்டோனியோவுக்குக் கொண்டுபோய்விடுவாராம்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானத்தில் எனக்கு நாற்பத்தோரு வருஷமாக ஒரே இருக்கை. பக்கத்து இருக்கை ஆல்ஃபோன்ஸுடையது. ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் வேறு எங்கே போய் யாரைத் திட்டுவது? ஒருவரையொருவர்தான் திட்டிக்கொள்ள வேண்டும். அதை இரெங்கா தாங்கமாட்டாள்.

ஏழாவது பயிற்சியாளராக ஹோவ்லண்ட் வந்தார். மினசோட்டாக்காரர். வாரத்துக்கு ஒன்பது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். வந்ததும் சுவரிலிருந்த வாசகங்களைச் சுரண்ட வைத்தார். நானூறு பக்க ஆட்டத் திட்டப் புத்தகத்தைக் கிழித்துப் பதினோரு ஆட்டம் மட்டும் மிச்சம் வைத்தார். சூடேற்றிய கொட்டகையில் நடந்துகொண்டிருந்த பயிற்சியைப் பனிக்குள் தள்ளினார். டிராஃப்டில் எங்கள் இரண்டாவது முறையைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் கீழே மூன்று முறை வாங்கினார். மூன்றிலும் மூன்று குண்டர்கள். ஊர் கூவித் தீர்த்தது. நான் மட்டும் எழுந்து நின்று கைதட்டினேன்.

கடைசிச் சுற்றுப் பெயரை ஏரிக்கரை மேடையில் ஒரு பழைய ரசிகர் வாசிக்க வேண்டும் என்று லீக்கில் ஒரு வழக்கம். நாற்பத்தோரு வருஷ விசுவாசத்துக்காக என்னை அழைத்தார்கள். காதில் கருவி மாட்டிய ஒரு பெண் என் கையில் ஓர் அட்டையைத் திணித்து, "இத சும்மா பிடிச்சுக்குங்க சார். உள்ள இருந்து பேர் வந்ததும் எழுதித் தரேன்" என்றாள்.

பேர் வரவில்லை. உள்ளே நிபுணர்கள் இன்னோர் அழகனைக் கேட்டுப் பயிற்சியாளரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்களுக்கு விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நான் உருண்டையை மென்றுகொண்டிருக்கிறேன். அட்டையின் முன்பக்கம் காலி. பின்பக்கம் அதைவிடக் காலி. கடிகாரத்தில் நாற்பது விநாடி. அந்தப் பெண் கையைக் கையை ஆட்டுகிறாள். அவள் முகத்தில் ஏரியின் நிறம்.

எனக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. தாடியஸ் க்ரூபா. எங்கள் லாரிக் கொட்டகையில் இரண்டு குளிர்காலம், பனி உருகத் தெருவில் தூவும் உப்பை ஏற்றியவன். பேர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரியில் முன்வரிசை ஆட்டக்காரன். ஒருமுறை பதினெட்டாவது தெருவில் என் லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. பனி தள்ளும் கலப்பை, உப்பு, நான் எல்லாம் சேர்ந்து இருபது டன். அவன் தோளைக் கொடுத்துத் தள்ளி மேலே ஏற்றினான். மடியில் இருந்த காப்பி ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"தாடியஸ் க்ரூபா!" என்று ஒலிவாங்கியில் முழங்கினேன்.

அரை நிமிஷம் கழித்துத் திரையில் அந்தப் பெயர் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. இதில் நம்ப முடியாதது என்ன இருக்கிறது?

மேடைக்குக் கீழே என் கோட்டைச் சுமந்து நின்ற ஆல்ஃபோன்ஸ் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். "மச்சான், அட்டையில அந்தப் பேர் இருந்துச்சு. நீ வாசிச்ச. தற்செயலா உனக்குத் தெரிஞ்ச பயலா அமைஞ்சிட்டான்."

"காலி அட்டைடா! என் கண்ணால பாத்தேன்."

"உன் கண்ணா? போன மாசம் நம்ம வீட்டுப் பூனையைப் பாத்து நரின்னு போலீஸுக்கு போன் பண்ணின கண்ணா?"

"அட்டையை வேணா அந்தப் பொண்ணுகிட்ட கேளு."

"அது அப்பவே வாங்கிட்டுப் போயிருச்சு. வசதியாப் போச்சு உனக்கு. வாசிக்கிறது வெறும் சடங்கு, மச்சான். உள்ள இருந்து போன்ல சொல்ற பேரைத்தான் லீக்ல பதிவு பண்ணுவான். விதிமுறை நாலாம் பக்கம்."

போதாக்குறைக்கு செப்டம்பரில் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. க்ரூபாவை நிபுணர்கள் மூன்று வருஷம் ரகசியமாகக் கண்காணித்து, கணினியில் போட்டு அலசித் தேர்ந்தெடுத்தார்களாம். ஆல்ஃபோன்ஸ் அதை வெட்டி எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தான். நான் பீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்து இளித்தது.

"அந்த அட்டை காலின்னு நிரூபி. ஆட்டத்துக்கு நீ போடுற அந்த மீன் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரேன்" என்றான்.

பருவம் தொடங்கியது. முதல் நாலு ஆட்டமும் தோல்வி. ஊர் சான் அன்டோனியோவின் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ஐந்தாவது ஆட்டத்தில் முன்வரிசையில் ஒருவனுக்கு முழங்கால் போயிற்று. க்ரூபா உள்ளே இறங்கினான். அதற்குப் பிறகு எங்கள் பந்தெறிபவனின் சட்டையில் அழுக்கே படவில்லை. ஒரே சட்டையை மூன்று வாரம் துவைக்காமல் போட்டான் என்று கேள்வி. ஜெயித்தோம், தோற்றோம், ஜெயித்தோம். பதினாறு ஆட்டம் முடிந்தபோது எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. மிச்சம் ஒரே ஆட்டம். எங்கள் ஊரில். அதே டொலீடோவுடன். அந்த அதிசய அழகனுடன்.

முந்தின நாள் ஏரி தன் வேலையைக் காட்டியது. ஞாயிறு காலை மைதானம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மலை. வழக்கம்போல அணி ஊரைக் கூப்பிட்டது, மண்வெட்டியோடு போனோம். எங்கள் பகுதியை நானும் ஆல்ஃபோன்ஸும் எடுத்துக்கொண்டோம்.

"பத்து அடிப் பனிடா!"

ஆல்ஃபோன்ஸ் அளவுகோலை விரித்துச் செருகினான். "இருபத்தொண்ணேகால் அங்குலம்."

"உன்னோட சேர்ந்து பனி அள்ளுறதுக்குத் தனியாவே அள்ளலாம்."

"அள்ளு, அள்ளு. கடைசித் தடவையா இருக்கும்" என்றான். சொன்ன பிறகு அவனே பேச்சை நிறுத்திவிட்டு வேகவேகமாக அள்ளினான். பிறகு யாரும் உட்காராத என் இடதுபக்க இருக்கையைக்கூடத் துடைத்து வைத்தான்.

பிற்பகல் முழுவதும் பனி கொட்டியது. அந்தப் பனியில் அதிசய அழகன் எறிந்த பந்துகள் கீழே வந்தன, பெரும்பாலும் யார் கையிலும் படாமல். ஆனாலும் கடைசிப் பத்து விநாடியில் நாங்கள் நாலு புள்ளி பின்னால். பந்தோடு கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. கோட்டுக்கு மூன்று கஜம். ஒரே ஒரு முயற்சி பாக்கி. தோற்றால் ஊரில் அணி இல்லை.

அறுபதாயிரம் பேரும் பந்தை எறியச் சொல்லிக் கத்தினார்கள். நான் மட்டும், "க்ரூபா பின்னால ஓடுங்கடா!" என்று கத்தினேன். ஹோவ்லண்ட் நான் சொன்னதைத்தான் செய்தார். அவருக்குக் காதில் விழுந்தது என்று நான் சொல்வேன். நூற்றெண்பது அடி தூரம் என்று ஆல்ஃபோன்ஸ் சொல்வான்.

க்ரூபா தோளைக் கொடுத்தான். அதே பதினெட்டாவது தெருத் தோள். டொலீடோக்காரர்கள் நாலு பேர், ஒரு நடுவர், அரை டன் பனி, எல்லாம் மொத்தமாகப் பின்னால் நகர்ந்தன. அந்த வழியில் எங்கள் ஆள் பந்தோடு நடந்தே போனான். ஓடவில்லை, நடந்தான். நான் பார்த்தேன்.

ஒன்பது. அணி எங்கேயும் போகவில்லை.

ஆல்ஃபோன்ஸ் என்னைக் கட்டிக்கொண்டான். நாற்பத்தோரு வருஷத்தில் முதல் முறை. உடனே விலகி, "அட்டை விஷயம் வேற" என்றான்.

வாகன நிறுத்தத்தில் எங்கள் அடுப்பில் கில்பாசா தொத்திறைச்சி வெந்துகொண்டிருந்தபோது ஹோவ்லண்ட் தன் வண்டிக்கு நடந்து போனார். நான் விடவில்லை.

"கோச்! ஒரு நிமிஷம்! இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அன்னிக்கு ஏரிக்கரையில என் கையில இருந்த அட்டையில என்ன எழுதியிருந்துச்சு?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அடப்பாவி பெரியவரே, நீங்களா?" தொப்பியைக் கழற்றினார். உள்பட்டையிலிருந்து மடித்த ஓர் அட்டையை உருவினார். "அந்தப் பொண்ணு எங்கிட்ட கொண்டுவந்து குடுத்துச்சு. அன்னிலேருந்து இதை எடுக்கலை. எடுத்தா தோத்துருவோம்னு ஒரு பயம்."

ஆல்ஃபோன்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "அப்ப அந்தப் பேரை யார் கோச் பதிவு பண்ணினது?"

"நான்தான். உள்ள எல்லாரும் இன்னொரு பந்தெறியிறவனைக் கேட்டு மேசையைத் தட்டுறாங்க. நாப்பது விநாடிதான் இருக்கு. டிவியில இவர் ஒரு பேரைக் கத்தினார். யாருன்னு எனக்குத் தெரியாது. பந்தெறியிறவன் இல்லைங்கிறது மட்டும் தெரியும், அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். போன்ல இருந்தவன்கிட்ட, அந்தக் கிழவர் சொன்னதையே எழுதுன்னேன்." வருஷத்துக்கான வார்த்தைகள் தீர்ந்துவிட்டதால் ஒரு கில்பாசாவை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

ஆல்ஃபோன்ஸ் அட்டையின் முன்பக்கம் பார்த்தான். பின்பக்கம் பார்த்தான். மூலையிலிருந்த லீக் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். மைதான விளக்குக்கு நேரே பிடித்து, அழித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். அப்புறம் அளவுகோலை எடுத்தான்.

கில்பாசா கருகிக்கொண்டிருந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.

"மூணுக்கு அஞ்சு அங்குலம்" என்றான் கடைசியில். "ரெண்டு பக்கமும் காலி." அளவுகோலை மடித்தான். தொண்டையைக் கனைத்தான். என் தலையிலிருந்த மீன் தொப்பியை உருவித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"நடந்துதான் இருக்கு, மச்சான்."