சக்கரத்துக்குக் கட்டிய பல்

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுப்பது அவருடைய தொழில். வேலை மேசைக்கு மேல் அலமாரியில் அவருடைய சிடி பிளேயர். கல்யாணமான வருடம் வாங்கியது. அதைத் துடைக்கவென்றே தனித் துணி வைத்திருந்தார்.

ஒருநாள் காலை பட்டனை அழுத்தினால், சிடி வைக்கும் தட்டு வெளியே வர மறுத்தது. உள்ளே கரகரவென்று சத்தம் மட்டும். திறந்து பார்த்தார். தட்டைத் தள்ளும் சின்னப் பல்சக்கரத்தில் மூன்று பல் பொடிந்துகிடந்தது.

ரிப்பேர் கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது வருவது நின்று இருபது வருடம் ஆகிறது என்று கையை விரித்தார். இன்னும் ஏழு கடை ஏறி இறங்கியாயிற்று. கடைசியில் இணையத்தில் அதே மாடல், ஓடாத பிளேயர் ஒன்று சிக்கியது. ஆசை ஆசையாகப் பிரித்தார். அதிலும் அதே சக்கரம்தான் உடைந்திருந்தது, வேறு பக்கத்தில். போனிலேயே எல்லாப் பாட்டும் இருக்க, இந்த டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று மச்சான் வேறு சிரித்துவிட்டுப் போனான்.

இரண்டு சக்கரங்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி பார்த்தாள்.

“ஏங்க, ஊர்ல உள்ள பொக்கை வாய்க்கெல்லாம் பல்லு கட்டுறீங்க. இதுக்கு மட்டும் கட்ட மாட்டீங்களா?”

அவருக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

ஒன்றில் நன்றாக இருந்த பற்களை அச்செடுத்து, மற்றதில் பல் போன இடத்தை அந்த அச்சை வைத்து மெழுகால் நிரப்பினார். முழுச் சக்கரமானதும், அதையும் அச்செடுத்து, ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்தார். மாட்டினால் தட்டு பாதி வந்து நின்றது. எங்கோ இடிக்கிறது. பல் செட் எங்கே கடிக்கிறதென்று பார்க்கும் நீலத் தாளை இடையில் கொடுத்துச் சுற்றினார். நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் முடியளவு ராவினார். மறுபடி மாட்டினார், மறுபடி ராவினார்.

மூன்றாவது தடவை, வெண்ணெயில் வழுக்குவதுபோலத் தட்டு வெளியே வந்தது. உள்ளே போனது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திறந்தார், மூடினார், திறந்தார். பதினோரு முறை ஆயிற்று.

ஒரு சிடியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு மனைவி சொன்னாள்:

“வாயைத் தொறந்து காட்டினது போதும். பாடச் சொல்லுங்க.”