ராணிக்கு மூன்று மாப்பிள்ளைகள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கல்லறைமேல் கிடைத்தது. எங்கள் துறைமுகத்தில் வலை காயப்போடும் கல் அது. கிரீடம் வைத்த பெண்ணொருத்தி செதுக்கப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் கணவனுக்கான இடம் காலியாக இருக்கிறது. பெயர் தேய்ந்துவிட்டது. ஹெல்விஸ் என்று நானே வைத்தேன்.

2

முதல் முயற்சி: சிலுவைப் போர்க் காலத்தில், கடலோரக் கோட்டை ஒன்றில், பேரழகி ஒருத்தி...

வேண்டாம். அழகில் ஆரம்பித்தால் அவளுக்கே பிடிக்காது.

இரண்டாவது: ராஜா காய்ச்சலில் இறந்தபின், மகள் மரோட் பெரியவளாகும்வரை நாட்டை ஆண்டவள் ஹெல்விஸ். (ஆண்டவள் என்றதும் சிம்மாசனத்தில் சாய்ந்திருந்தாள் என்று நினைக்காதீர்கள். கோதுமைக் கப்பல், கிணற்றுச் சண்டை, எல்லைக்கு அப்பால் ஆளும் அமீரோடு சமாதானம், எல்லாம் அவள் தலையில்தான்.)

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம். நிலமுள்ள விதவைக்குப் பிரபுக்கள் மூன்று மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருவரைக் கட்டிக்கொள்ளாவிட்டால் நிலம் போய்விடும். ஹெல்விஸ் கட்டிக்கொண்டால் ஆட்சி அவனுக்கு; மரோட்டின் கிரீடம் திரும்பி வராது.

3

சபையில் கார்னியே பிரபு எழுந்தார்.

"ராணியம்மா, மூணு பேரும் வந்தாச்சு. ஒவ்வொருத்தரும் முத்து."

"முத்தா? நடுவுல நிக்கிறவருக்குப் பல்லே இல்லையே!"

சபை சிரித்தது. கார்னியே சிரிக்கவில்லை.

"பல்லு எதுக்கு? நாட்டுக்கு ஒரு ஆம்பளை வேணும். வழக்கம் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும். வர்றவரு செத்தவருக்குச் சமமா இருக்கணும்கிறதும் வழக்கந்தானே? என் வீட்டுக்காரரு முடிசூடின ராஜா. முடிசூடின ராஜாவா மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தரை நான் கட்டிக்கிறேன்."

(இந்த இடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு சந்தேகம் வந்தது. மனுஷிக்கு இவ்வளவு துணிச்சலா? மேசைக்கடியில் அவள் கை என்ன செய்கிறது என்று எழுதிப் பார்த்தேன். மகளின் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தது. "அம்மா, வலிக்குது" என்றாள் மரோட். அதன்பிறகுதான் நம்பினேன்.)

4

ஒரு முடிவு: கார்னியே வாளை உருவ, ஹெல்விஸை மடத்துக்கு அனுப்பி...

எழுத மனம் வரவில்லை.

இன்னொன்று: அமீர் படையோடு வந்து அவளைக் காப்பாற்...

இவ்வளவு தூரம் தனியாக வந்தவளுக்கு அடுத்தவர் தயவு எதற்கு?

ஆகவே யார் சொல்வது சரி என்று சபையிலிருந்த பிரபுக்களைக் கேட்டார்கள். பாதிப் பேர் அவள் சொல்வதுதான் சரி என்றார்கள், பாதிப் பேர் கார்னியே பக்கம். மிச்சமிருப்பவர் கிழவர் ஓடோ ஒருவர்தான்; அவர் சொல்வதுதான் முடிவு. விதவையான தன் மகளை இதே வழக்கத்துக்கு, அவள் அழ அழ, தாரைவார்த்தவர்.

"ஓடோ ஐயா," என்கிறாள் ஹெல்விஸ், "உங்க பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். வாய் திறக்கிறார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். மொத்தச் சபையும் காத்திருக்கிறது, மரோட் உங்கள் வாயையே பார்க்கிறாள். எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது. சத்தமாகச் சொல்லுங்கள், கார்னியேவுக்கும் கேட்கட்டும்.