வீடு இருந்த கோடு

"நம்ம வூட்ல கொண்டு போய் வுட்டுடு கண்ணு" என்று குணசுந்தரி டீச்சர் கடைசி நாட்களில் கேட்டபோது, சிறுநீரகம் கெட்ட மயக்கத்தில் பேசுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பேத்தி மோகனப்ரியாவுக்கு மட்டும் புரிந்தது. திருவொற்றியூர்க் கரையிலிருந்த அந்த வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆயா போன பிறகு சாம்பலை அந்த வீடு இருந்த இடத்துக்கு மேலேதான் கரைக்க வேண்டும்.

அதனால்தான் விடிந்ததும் சாம்பல் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாஸ்கரின் ஃபைபர் போட்டில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்கர் டீச்சரிடம் கணக்குப் படித்தவர்.

"மேப்புல தேடலாமா மாமா?"

"தேடேன். அங்க வெறும் நீலமாத்தான் கீது. வூட்டு நம்பரா போட்டு வச்சிருப்பான்?"

கடலில் ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்கள் வேண்டும். முன்னே மாதா கோயில் சிலுவை. பின்னே, தூரத்தில், தண்ணீர்த் தொட்டி. போட் வடக்கே நகர்ந்தால் தொட்டி சிலுவைக்கு வடக்கே எட்டிப் பார்க்கும். தெற்கே போனால் தெற்கே. சிலுவை தொட்டியின் நடுவில் வந்து நின்றால் போட் கோட்டில் இருக்கிறது. வேறொரு திசையில் இன்னொரு ஜோடி இன்னொரு கோட்டைத் தரும். இரண்டு கோடுகளும் வெட்டுமிடம்தான் தேடிய இடம். இடிந்த சுவர்களில் வலை மாட்டாமலிருக்க, பாஸ்கர் அந்த வீட்டை இப்படிக் குறித்து வைத்திருந்தார்.

"டீச்சர் வூட்ல ரெண்டு மூணு தபா வலையக் கிழிச்சிகினேன். போய்ச் சொன்னா, 'கதவத் தட்டாம உள்ள போனா அப்டித்தான்டா'ன்னு சிரிச்சாங்க."

சிலுவையும் தொட்டியும் சேர்ந்தன. பாஸ்கர் வடக்கே பார்த்தார். இரண்டாவது கோட்டுக்காக, கடலுக்குள் நீளும் கல் அணையின் முனைக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஆலைப் புகைபோக்கியைக் காணோம். அங்கே வானம்தான் இருந்தது.

"அட, இடிச்சிட்டானுங்க!"

"இப்ப இன்னா மாமா பண்றது?"

"கோடு கீது பாப்பா. வூடு அதுல எங்கன்னு தெர்ல. இந்தாண்டயும் இருக்கலாம், அந்தாண்டயும் இருக்கலாம். சுவரெல்லாம் வேற பாதி மண்ணுல பொதைஞ்சி போச்சி."

கலயம் கனத்தது. மோகனப்ரியா பச்சைத் தண்ணீருக்குள் பார்த்தாள். ஆயா டியூஷனுக்காகக் கறுப்பு மை பூசிய சுவர் கீழே எங்கேயோ இருந்தது. அதன் முன்னால் பொடி மீன்கள் ஒரே பக்கம் முகம் வைத்து நின்றிருக்கும். வெளிச்சம் அசைய அசைய, யாரோ அதில் எழுதி அழிப்பதுபோல் இருக்கும்.

நிமிர்ந்தாள்.

"எடம் தெரியாட்டி போவுது. வூடு இந்தக் கோட்டுலதானே கீது? கோடு முழுக்கப் போவோம் மாமா."

பாஸ்கர் போட்டைக் கோட்டின் கடல் முனைக்குக் கொண்டுபோய், எஞ்சினைத் தணித்து, கரையைப் பார்த்துத் திருப்பினார். அவள் இரண்டு விரலால் சாம்பலைக் கிள்ளித் தூவினாள். அது தண்ணீரில் பால்போல விரிந்து, பிறகு இல்லாமல் போனது. வீட்டின் முதுகு கடலைப் பார்த்தபடி இருந்ததால் பின்வாசல் வழியாகவே நுழைந்தார்கள். துணி துவைக்கும் கல். முருங்கை. அடுப்பங்கரை. எங்கேயும் இருக்கலாம் என்பதால் வீடு நீண்டுகொண்டே போனது. அடுப்பங்கரை முடியவே இல்லை. ஆயா உள்ளே ஏதோ ஒரு அறையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் பத்துமா பாப்பா? இன்னும் தூரம் கீது."

"பத்தும் மாமா. இன்னும் ஹாலுக்கே வரல. நேராப் போங்க."

பாஸ்கர் சிலுவைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் ஓட்டினார்.