ஓட்டுநர் தரப்பு

கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கசிந்த தண்ணீர் கூடத்தில் பரவாமலிருக்க யாரோ அன்றைய நாளிதழை விரித்துப் போட்டிருந்தார்கள். அவள் குனிந்து அதை உருவினாள். முதல் பக்கம் நனைந்து தொங்கியது. 'ஓட்டுநரின் அதிவேகத்தால் பேருந்து விபத்து. சுவரில் மோதி பலி.' பெட்டிக்குள் படுத்திருந்தது அந்த ஓட்டுநர்தான், அவளுடைய அண்ணன். அச்சடித்தது அவள் வேலை பார்க்கும் நாளிதழ்.

"அதை ஏன் எடுக்கிற? தரை வழுக்கும்," என்றாள் அண்ணி.

"பழைய துணி போடறேன் அண்ணி. இது வேணாம்."

அண்ணி இன்னும் அதைப் படிக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். "கொஞ்சம் நிதானமா போயிருக்கலாம்" என்று வாசலில் பெரியப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனின் நிதானத்தை வைத்து ஆயுள் முழுக்கக் கேலி செய்த அதே பெரியப்பா. தன் கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து தாமதமாகச் சேர்ந்தான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர். அச்சில் வந்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தலைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செய்தியின் கடைசி வரிதான் அவளைப் பிடுங்கித் தின்றது. 'ஓட்டுநர் தரப்பு விளக்கத்தைப் பெற முயன்றோம், இயலவில்லை.'

யார் மீது குற்றம் சொன்னாலும் அவர் பக்கத்தையும் கேட்ட பிறகே செய்தி அச்சுக்குப் போகவேண்டும் என்பது அவர்கள் அலுவலகத்தின் விதி. கேட்கச் சோம்பலாக இருந்தாலோ, கேட்டால் வம்பு என்று தோன்றினாலோ இந்த வரியை ஒட்டிவிடுவார்கள். அவளுடைய மேசை ஆசிரியர் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஓட்டுநர் அவளுடைய அண்ணன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். பிணவறை வாசலில் அவள் காத்திருந்தபோது அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பும் வந்தது. அவள் பொறுப்பிலிருந்த சினிமாப் பக்கத்துக்கான படம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னாள். அதற்கு மட்டும் தொலைபேசி நன்றாகவே வேலை செய்தது.

அந்தப் பேருந்தின் பிரேக் சரியில்லை என்று போன மாதமே அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தான். முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு சொன்னது. அவள் தன் நாளிதழின் இளம் நிருபரிடம் சொன்னாள். அந்தப் பையன் பணிமனைக்கே போய், மெக்கானிக்குகளைப் பார்த்து, ஒழுங்காக எழுதிக் கொடுத்தான். ஆசிரியர் படித்துவிட்டு "ஆறப் போடு" என்றார். பேருந்து முதலாளியின் முழுப்பக்க விளம்பரம் அந்த வாரம் வந்தது.

"பத்திரிகை நாலாவது தூண், நாலாவது தூண்னு பீத்திக்கிறியே," என்று அண்ணன் அப்போது சிரித்தான். "அதுல யாரு போஸ்டர் ஒட்டியிருக்கான்னு முதல்ல பாரு."

கையில் கட்டுப் போட்ட ஒரு பெண் தயங்கியபடி உள்ளே வந்தாள். மருத்துவமனைத் தாதி, அந்தப் பேருந்தில் வந்தவள். பெட்டியருகே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"பிரேக் பிடிக்கல, எல்லாரும் பின்னாடி ஓடுங்கன்னு கத்தினாரு," என்றாள் அண்ணியிடம். "இறக்கத்துக்குக் கீழ சந்தை. அவ்வளவு கூட்டம். அவரா பாத்துத்தான் சுவர்ல விட்டாரு. அவரு பக்கம் மோதற மாதிரி திருப்பினாரு. நான் கண்ணால பாத்தேன்."

அண்ணி அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஆசிரியர் வந்தார், நாளிதழின் பெயர் பொறித்த பெரிய மலர்வளையத்தோடு. பின்னால் நிருபர் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ஆசிரியர் வளையத்தைச் சாத்திவிட்டு, அளவாக ஒரு நிமிடம் கண்மூடி நின்றார்.

"ஈடுகட்ட முடியாத இழப்பும்மா," என்றார்.

"சார், கடைசி வரியை யாரு சேர்த்தது?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "இப்ப அந்தப் பேச்சு வேணாம்மா. இடம் பாத்துப் பேசு."

"இடம் இதுதான் சார். ஓட்டுநர் தரப்பு மொத்தமும் இங்கதான் இருக்கு. முயன்றோம்னு போட்டீங்களே, எங்க வந்து முயன்றீங்க?"

பெரியப்பா வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"போலீஸ் குறிப்புல இருந்ததைப் போட்டோம். நாமளா கற்பனை பண்ணினோம்?"

"அப்ப நாம எதுக்கு சார்? அந்தக் குறிப்பையே அடிச்சு வீடு வீடா வீசிட்டுப் போலாமே. போலீஸ் சொல்றதும் முதலாளி சொல்றதும் ஜனங்களுக்குத் தானா வந்து சேரும். இவன் சொன்னது எப்படி சார் வரும்? உயிரோட இருக்கறப்ப சொன்னான், ஆறப் போட்டீங்க. இப்ப ஆறிடுச்சு. தொட்டுப் பாருங்க."

ஆசிரியர் குரலைத் தணித்தார். "சரி, நாளைக்கு உள்பக்கத்துல சின்னதா ஒரு விளக்கம் போட்டுடலாம்."

"நடுரோட்ல அறைஞ்சுட்டு சந்துல வந்து மன்னிப்பா? முதல் பக்கத்துல போடுங்க."

"வேலையில இருக்கறவ பேசற பேச்சா இது? யோசிச்சுப் பேசு." அவர் திரும்பி நடந்தார். "வாப்பா," என்றார் நிருபரிடம். "வண்டில இருக்கேன்."

அண்ணி எழுந்து வந்து, அவள் கையில் கசங்கியிருந்த நாளிதழை வாங்கினாள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மடிப்பைப் பிரித்து, முழுவதையும் படித்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. படித்து முடித்துவிட்டு பெட்டிக்குள் பார்த்தாள், பிறகு நிருபரைப் பார்த்தாள்.

"நீங்கதானே பணிமனைக்குப் போன தம்பி?"

"ஆமாங்க. இதை நான் எழுதலைங்க அக்கா." அவன் குரல் உடைந்தது. "ஆனா என்கிட்ட இருந்ததை வெளில சொல்லாம சும்மா இருந்தேன்."

வெளியே காரின் ஹாரன் அடித்தது. அவன் வாசலைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டான். எடுக்கவில்லை.

"கேளுடா," என்றாள் அவள். "இப்பவாவது கேளு."

அவன் அண்ணியின் பக்கம் திரும்பினான். "ஓட்டுநர் தரப்புல... நீங்க என்ன சொல்ல விரும்பறீங்க?"

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாதிக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க தம்பி. நிறைய இருக்கு."

ஹாரன் மறுபடி அடித்தது, இந்த முறை நீளமாக. நிருபர் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றினான். அவள் பழைய துணியைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் போட்டாள்.