இரண்டு கிலோ நட்டு

லிஃப்டை மோட்டார்தான் தூக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. நீங்கள் ஏறி நிற்கும் பெட்டி கம்பி வடத்தின் ஒரு முனையில் தொங்குகிறது. வடம் உச்சியில் ஒரு சக்கரத்தைச் சுற்றி மறுபக்கம் இறங்குகிறது. அந்த முனையில், சுவரை ஒட்டி, இரும்புக் கட்டிகள் அடுக்கிய சட்டம் ஒன்று தொங்கும். அதைக் கவுண்டர்வெயிட் என்போம். பெட்டியின் எடையும், அதில் ஏறக்கூடியவர்களில் பாதிப் பேரின் எடையும் சேர்ந்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு கனம் அது. தராசுத் தட்டு இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவதால், மீதிக் கொஞ்சத்தை இழுப்பதுதான் மோட்டாரின் வேலை. காலிப் பெட்டியின் பிரேக்கை எடுத்துவிட்டால் அது கீழே விழாது, மேலே ஏறும்.

இதை என் மனைவிக்குக் கல்யாணமான முதல் வாரத்தில் சொன்னேன். பல் பிடுங்கிய டாக்டருக்கு வாயில் பஞ்சோடு சொன்னேன். என்னோடு இருபது வருடமாக ஜோடியாக லிஃப்ட் பழுது பார்க்கும் நெட்டை எனக்கு வாத்தி என்று பெயர் வைத்தது இதற்காகத்தான். கடைசியில் என்னைக் கவிழ்த்ததும் இந்தக் கவுண்டர்வெயிட்தான்.

மோட்டார் அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் ஒரு நாள் கால் வழுக்கியது. வலது கை பிடியை விடவில்லை. உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையில் தொங்கியது. தோளுக்குள் பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. ஆபரேஷன் செய்து தைத்து, ஆறு வாரம் கையைக் கழுத்துப் பட்டையில் மாட்டிவிட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. தோளில் அடிபட்டவர் ஆறாவது மாத முடிவில் சோதனையில் தேற வேண்டும். லிஃப்ட் ஓடும் அந்தக் கிணறு போன்ற இடத்தை ஷாஃப்ட் என்போம். அதற்குள், பெட்டியின் கூரைமேல் நின்று, தலைக்கு மேலே இருக்கும் ஒரு போல்ட்டை வலது கையால் ஒரு நிமிடம் விடாமல் இறுக்கிக் காட்ட வேண்டும். இடது கை, பெட்டியை நிறுத்தும் பொத்தான்மேலேயே இருக்க வேண்டும். தேறாவிட்டால் ஷாஃப்டுக்குள் போக அனுமதிக்கும் அட்டை ரத்து. அப்புறம் தரைத்தளத்தில் புகார் போன் எடுக்கும் மேசைதான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு "பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல ஆள் வந்துடுவாங்க" என்று சொல்லும் வேலை. அந்த மேசைக்குப் போனவர் யாரும் மறுபடி மேலே ஏறி நான் பார்த்ததில்லை. இருபத்துமூன்று வருடம் வடங்களுக்கு நடுவே நின்றவன் நான்.

பிசியோதெரபி அம்மா தோளைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வலியே மறந்துபோனது.

"இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள்ள உட்கார்ந்த பந்து. தோள் அப்படி இல்ல சார். சின்னத் தட்டு மேல நிக்கிற பந்து. நாலு குட்டித் தசை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கிறதாலதான் விழாம நிக்குது. அதுல மேல இருக்கிறது உங்களுக்குக் கிழிஞ்சிடுச்சு."

"கயிறு கட்டி நிறுத்தின கம்பம் மாதிரி."

"நீங்க சொன்னா சரி. ஆனா ஓய்வு தோளுக்குத்தான், உங்களுக்கு இல்ல. தினமும் நடங்க, படி ஏறுங்க. ரத்தம் ஓடினாத்தான் புண்ணு ஆறும்."

தினமும் காலையில் எங்கள் கட்டடத்தின் ஆறு மாடியையும் மூன்று முறை ஏறி இறங்கினேன். "லிஃப்ட்காரரே படியில போறாரே, இனி நாம எதை நம்புறது?" என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்காத நாளில்லை.

கழுத்துப் பட்டையைக் கழற்றியபின் பிசியோதெரபி அம்மா கதவுக்கு மேலே மாட்டும் ஒரு சின்னக் கப்பியும் கயிறும் தந்தார். இடது கை இழுக்கும், வலது கை ஏறும். "கொஞ்ச நாள் இடது கை உதவட்டும். வாரம் ஆக ஆக அந்த உதவியைக் குறைச்சுக்கிட்டே வரணும். கடைசியில வலது கை தானா ஏறணும். அதுக்கு இந்த ரப்பர் பட்டையை இழுத்துப் பழகணும்." இவ்வளவையும் அவர் தெளிவாகத்தான் சொன்னார்.

கப்பி, கயிறு, இரண்டு முனை. லிஃப்ட்காரன் கையில் இவற்றைக் கொடுத்தால் என்ன செய்வான்? இடது கை ஒரே சீராக இழுக்கவில்லை, வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு மனிதனின் கை, உடம்பு எடையில் இருபதில் ஒரு பங்கு. எனக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மேல்முனையைத் தோளே தாங்குவதால், கயிற்றை மணிக்கட்டில் கட்டினால் அதில் பாதி போதும். ஒரு துணிப்பையில் போல்ட்டுகளுக்கு மாட்டும் பழைய இரும்பு நட்டுகளை இரண்டு கிலோ போட்டு இடது கைக்குப் பதிலாகத் தொங்கவிட்டேன். வலது கை தண்ணீரில் மிதப்பது போல ஏறியது. மூன்று மாதத்தில் முதல் முறையாக வலிக்கவில்லை. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டேன். தினம் ஒரு கோடு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட மேலே. கோடு தலையைத் தாண்டிய வாரம் பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்தினேன். ரப்பர் பட்டை அலமாரியில் கிடந்தது.

"கோடு கூரைக்குப் போகுது, தலையை மட்டும் இன்னும் இடது கையாலதான் சீவுறீங்க," என்றாள் மனைவி ஒரு நாள்.

"பழக்கமாயிடுச்சு," என்றேன். அந்தப் பதிலை நானும் நம்பினேன்.

சோதனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நெட்டை வீட்டுக்கு வந்தான். அவனை நிறுத்தி வைத்துக் காட்டினேன். கை ஏறியது, கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே போனது. உச்சியில் கொஞ்சம் பெருமையாக ஆட்டினேன். பையின் தையல் விட்டது. இரண்டு கிலோ நட்டும் தரையெல்லாம் உருண்டு ஓடின. கை செத்த பாம்பு மாதிரி தொடையில் வந்து விழுந்தது.

நெட்டை குனிந்து ஒரு நட்டை எடுத்துப் பார்த்தான். "இது என் டப்பாவுல இருந்தது. காணோம்னு நான் ஸ்டோர்காரரைத் திட்டிட்டு இருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தேன். மார்புவரை வந்தது. அதற்குமேல் தோள்தான் காதை நோக்கிப் போனது, கை போகவில்லை. மறுபடி முயன்றேன். மறுபடியும் மார்பு.

அவன் போனபின் மனைவி தரையில் உட்கார்ந்து நட்டுகளைப் பொறுக்கினாள். "ஒண்ணு கேட்கிறேன். இருபத்துமூணு வருஷமா ஓடுற லிஃப்ட்ல, மோட்டார் முன்னைவிட பலமாயிருக்குமா?"

"எங்கே? தேய்ஞ்சிருக்கும்."

"ம்," என்றாள். சோஃபாவுக்கு அடியில் போன நட்டுக்காகக் கையை நீட்டினாள்.

கவுண்டர்வெயிட் மோட்டாரின் வேலையைக் குறைப்பதற்காக இருக்கிறது. நான் பலமாக்க வேண்டியது மோட்டாரை. மூன்று மாதமாக என் தசைக்கு வேலையே கொடுக்காமல், அது வேலை செய்கிறது என்று கதவு நிலையில் கோடு போட்டு வைத்திருந்தேன். லிஃப்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் இடது கையாலேயே இழுத்து, அலுத்துப்போய் அந்த உதவியை விட்டிருப்பான், வலது கை தானாக ஏறப் பழகியிருக்கும். அவன் தேறியிருப்பான்.

மறுநாள் காலை பிசியோதெரபி அம்மாவிடம் ஓடி, நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையைத் தூக்கிவிட்டு, விட்டுப் பார்த்தார்.

"தையல் நல்லா இருக்கு. மூட்டும் இறுகல. பலம்தான் இல்ல. மூணு மாசம் ஒழுங்கா செஞ்சா வரும்."

"எட்டு நாள் இருக்கு."

"சார், எட்டு நாள்ல நகம்தான் வளரும்."

"ஏதாவது ஊசி?"

"வலிக்குத்தான் ஊசி. பலத்துக்கு இல்ல." என் கையை மடியில் இறக்கி வைத்து, "பையில நட்டு போட்டதை ஏன் அப்பவே என்கிட்ட சொல்லல?" என்றார். கை முழுதும் தேறியபின் காட்டி, நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

எட்டு நாளும் ரப்பர் பட்டையை இழுத்தேன். பத்து முறை என்று அவர் சொன்னார், நான் ஐம்பது முறை இழுத்தேன். மூன்றாம் நாள் தோள் வீங்கியது. படி ஏறும்போது மூன்றாம் மாடிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினார். அன்று உட்கார்ந்து அழுதேன், படியில்தான், நாலாவது மாடி வளைவில்.

சோதனைக்கு முந்தின நாள் மாலை நெட்டை போன் செய்தான். "வாத்தி, கூரைமேல ரெண்டு பேர் நிக்கணும்னுதானே விதி? நான்தான் உன் ஜோடி. சூப்பர்வைசர் மேல் வாசல்ல நின்னு பார்ப்பாரு. என் முதுகு அவர் பக்கம். உன் முழங்கைக்கு அடியில என் கையைக் கொடுக்கிறேன். ஒரு நிமிஷம்தானே?"

"தெரிஞ்சா உன் வேலையும் போகும்டா."

"நீ போயிட்டா என்னை வேற எவன்கூடவாவது போடுவாங்க. அவன் பேசவே மாட்டான். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

நான் சரி என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே சொன்னேன்.

பெட்டியின் கூரையில் எண்ணெயும் தூசியும் கலந்த அந்த வாசனை. ஆறு மாதம் கழித்து அதை ஆழமாக இழுத்தேன். மேல் வாசலில் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தோடு நின்றார். எனக்கு ஒரு நிறுத்தும் பொத்தான், நெட்டைக்கு அவன் பக்கத்தில் ஒன்று. ஆளுக்கொன்று என்பது ஏன் தெரியுமா? ஒருவன் கை வேலையில் இருக்கும்போது பெட்டி நகர்ந்தால், மற்றவன் அழுத்தி நிறுத்த வேண்டும்.

"ஆரம்பிங்க," என்றார்.

ஸ்பேனரோடு கையைத் தூக்கினேன். மார்புவரை வந்ததும் முழங்கைக்கு அடியில் நெட்டையின் கை வந்தது. கை மிதந்தது. நட்டுப் பையைக் கட்டித் தொங்கவிட்டபோது இருந்த அதே சுகம். ஸ்பேனர் போல்ட்டைக் கவ்வியது. பத்து வினாடி. இருபது. தேறிவிடுவேன் என்று தெரிந்தது. அப்போது கண் தற்செயலாகக் கீழே போனது. நெட்டையின் பொத்தான்மேல் யார் கையும் இல்லை. அங்கே இருக்க வேண்டிய கைதான் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

என் இடது கை பொத்தான்மேல்தான் இருந்தது. ஆனால் வலது கையில் வலி பிடித்தால் இடது கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. ஏணியிலும் எப்படி ஏற வேண்டும் என்று எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, கால் வழுக்கத்தான் செய்தது.

"கையை எடு," என்றேன் மெதுவாக.

"இன்னும் முப்பதுதான். பேசாம இரு."

"பொத்தான் மேல கை வைடா."

அவன் எடுத்தான். ஸ்பேனர் கூரைமேல் விழுந்து பெரிதாக ஒலித்தது. நெட்டை என்னைப் பார்க்காமல் குனிந்து அதை எடுத்தான்.

"என்ன ஆச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

"தூக்க முடியல சார்."

அவர் தாளில் எழுதினார். மறுபடி ஒரு வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். "விதியில இல்ல. விண்ணப்பம் எழுதிக் கொடுங்க. பார்ப்போம்." என் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

புகார் மேசைக்கு ஜன்னல் கிடையாது. என்ன சொல்ல வேண்டும் என்று அச்சடித்த தாள் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. முதல் நாள் பதினோரு மணிக்கு ஒரு பெண் அழைத்தார். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், தனியாக இருக்கிறாராம். மூச்சு வாங்குவது கேட்டது.

"எவ்வளவு நேரமாகும்?"

பத்து நிமிடம் என்று தாளில் இருந்தது. நெட்டை அப்போதுதான் ஊரின் மறுகோடியில் இருந்து கிளம்பியிருந்தான்.

"தெரியலம்மா. ஆள் கிளம்பியாச்சு. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

"கயிறு அறுந்துடாதே?"

ரிசீவரை வலது கைக்கு மாற்றினேன். முழங்கையை மேசையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்தேன். "உங்க பெட்டியை ஒரு கயிறு தாங்கல, அஞ்சு தாங்குது. பெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கனம் தொங்குது, அதைப் பத்திச் சொல்றேன், கேளுங்க." இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்து முழங்கை மேசையில் இறங்கியது. பேசிக்கொண்டே இருந்தேன். மறுபடி முழங்கையைத் தூக்கினேன்.