தேய்ந்த சாவி

விருதுநகரிலிருந்து வேனில் பதினாறு பேரைச் சுற்றுலா கூட்டி வந்த சோலைமலை, திண்டுக்கல் லாட்ஜ் மேனேஜரிடம் முதல் வேலையாகச் சொன்னது இதுதான்: “இது எங்கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. காத்தோட்டமான ரூமாப் பாத்துக் குடுங்க.” பக்கத்தில் நின்ற புவனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஏழு வருடமாகப் போகிற இடமெல்லாம் இதே பேச்சு. காந்திகிராமத்தில் படிக்கப் போன இடத்தில் ஜெரினைக் கல்யாணம் செய்துகொண்டாள் கடைக்குட்டி தேவதர்ஷினி. அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரே தங்கச்சிதான்.

அந்தக் கடைக்குட்டி பக்கத்தில்தான், சித்தையன்கோட்டையில் இருக்கிறாள். போன வருடம் புது நம்பரிலிருந்து விலாசத்தை அனுப்பி, கீழே “வந்தா வா” என்று எழுதியிருந்தாள். புவனா பதில் போடவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அண்ணன் திண்டுக்கல் என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மறுநாள் வேன் பழநிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து புவனாவுக்குத் தலைவலி வந்தது. அண்ணன் மாத்திரை, தைலம், புத்திமதி மூன்றையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். வேன் தெருமுக்கு திரும்பியதும் தலைவலி போய்விட்டது. துணைக்கு நின்றுவிட்ட புருஷன் பாண்டியராஜ், முகமது ரஃபீக் கடையில் ஒரு நாள் வாடகைக்குக் கறுப்பு ஸ்ப்ளெண்டர் ஒன்றைப் பிடித்தான்.

“பழைய வண்டிதாண்ணே, ஆனா நல்லா ஓடும். சாவி தேஞ்சிருக்கு, அழுத்தித் திருப்பணும்” என்றார் ரஃபீக். “அவசரத்துக்கு இன்னொரு நம்பர் எழுதிருங்க.”

பாண்டியராஜ் யோசிக்காமல் மச்சான் சோலைமலையின் நம்பரை எழுதினான். கேஸ் கனெக்‌ஷனிலிருந்து மகள் பள்ளிக்கூடம் வரை எழுதிப் பழகிய கை. புவனா ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மதுரை ரோட்டில் அவள் அவனை ஒரு நிமிடம் நிம்மதியாக ஓட்ட விடவில்லை. “ஏங்க, திரும்பிருவமா?” என்பாள். அவன் வேகத்தைக் குறைத்தால், “எதுக்கு உருட்டுறீங்க, வெரசா போங்க” என்பாள். சின்னாளப்பட்டியில் ஒரு சுங்குடிச் சேலை எடுக்க முக்கால் மணி நேரம் ஆக்கினாள். பிறந்த வீட்டுச் சேலை ஒன்றுகூட இல்லாமல் கல்யாணமான தங்கச்சிக்கு முதல் சேலை, பச்சையா அரக்கா என்று எப்படிச் சட்டென்று முடிவு செய்வது? கடைசியில் அரக்கை எடுத்தாள். மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

பையை வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு எதிரே டீ குடித்தார்கள். திரும்பி வந்தபோது வரிசையாக நாலு கறுப்பு ஸ்ப்ளெண்டர் நின்றன. பாண்டியராஜ் மஞ்சப்பை தொங்கிய வண்டியில் சாவியைப் போட்டான், திரும்பியது.

“பாத்தியா, பழகிருச்சு. அழுத்தாமலே திரும்புது” என்று பெருமை வேறு.

சித்தையன்கோட்டை எல்லையில் புவனா வண்டியை நிறுத்தச் சொன்னாள். சேலையை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பைக்குள் கை விட்டாள். சேலை இல்லை, தூக்குவாளி இருந்தது. திறந்தால் கருவாட்டுக் குழம்பு.

இருவரும் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார்கள். பாண்டியராஜின் போனில் ரஃபீக்கின் ஆறு மிஸ்டு கால் இருந்தது. கூப்பிட்டதும் அந்த மனிதர் கத்தினார்.

“அண்ணே, வேற ஆள் வண்டியத் தூக்கிட்டுப் போயிட்டீங்க! அவரு நம்ம வண்டியில இருந்த ஸ்டிக்கரைப் பாத்து எனக்கு போன் போட்டாரு. போலீசுக்குப் போறேன்னு நிக்கிறாரு. நீங்க எடுக்கலன்னு அந்த இன்னொரு நம்பருக்கும் சொல்லிட்டேன்.”

பாண்டியராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமியார் செத்தபோதுகூட அவன் இப்படி நின்றதில்லை.

“ஏறு புவனா. வண்டிய மாத்திட்டு லாட்ஜுக்குப் போயிருவோம். சேலை எடுக்க வந்தோம்னு மச்சான்கிட்டச் சொல்லிக்கலாம்.”

நல்ல பொய்தான். கையில் சேலையும் இருக்கும். புவனா ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். இப்போது ஏறினால் இனி ஜென்மத்துக்கும் இந்த ஊருக்கு வரமாட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. காலை இறக்கினாள்.

“நீங்க போங்க. நான் நடந்தே போறேன்.”

“வெறுங்கையோடயா?”

“ஏழு வருசமா வராததவிட இது ஒண்ணும் பெரிசில்ல.”

விலாசத்தைக் கேட்டுக் கேட்டு நடந்தாள். வழி சொன்னவர்கள் எல்லாம் ஏன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. நீல வர்ணமடித்த வீடு. கதவைத் தட்டினாள். தேவி வந்தாள், சதை போட்டிருந்தாள், கண்ணாடி வேறு போட்டிருந்தாள்.

“பார்சலாக்கா? அவரு வெளிய போயிருக்காரு, எங்கிட்டக் குடுங்க” என்று கையை நீட்டினாள்.

அப்போதுதான் புவனாவுக்குத் தலையில் ஹெல்மெட் இருப்பது உறைத்தது. கழற்றினாள். தேவியின் கை நீட்டியபடியே நின்றது.

போன் அடித்தது. அண்ணன். புவனா அவசரத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் குரல் அதிர்ந்தது.

“தலவலின்னு படுத்தவ எவன் வண்டியவோ தூக்கிட்டு எங்க சுத்துற? எங்க இருக்க நீ?”

சேலைப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே தேவி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தேவி வீட்டுல இருக்கேண்ணே. எம்முன்னாலதான் நிக்கிறா.”

வேன் ஹாரன் கேட்டது, பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அண்ணன் போனை வைக்கவில்லை. தேவி நிலைக்கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில் அண்ணியின் குரல் கேட்டது. “யாருங்க போன்ல?”

சோலைமலை தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சிக” என்றார்.