குழாய் கேட்டு ஒரு மனு

மோட்டார்க்காரரின் கிணறு சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கிணறு நகராது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். புதிதாக வந்த நான்கு வழிச் சாலை அவர் நிலத்தை நடுவில் பிளந்துகொண்டு போனது. கிணறும் மோட்டாரும் அந்தப் பக்கம், பூவும் பிஞ்சுமாக மிளகாய்ச் செடிகள் இந்தப் பக்கம். ஊரில் முதன்முதலாக மோட்டார் வாங்கியவர் என்பதால் வந்த பட்டப்பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

வேலை நடக்கும்போதே தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் ஓஸைச் சாலைக்கு மேலாகப் போட்டுப் பார்த்தார். ஒரே டிப்பர் லாரி, மூன்று இடத்தில் கிழித்துவிட்டுப் போனது. குடத்தில் சுமந்து ஊற்றலாம் என்றால் ஒரு ஏக்கர் செடி. அவரும் மனைவியும் நாளெல்லாம் நடந்தாலும் நாலு பாத்தி நனையாது.

சாலை வேலையின் சூப்பர்வைசர் நல்ல மனிதர். அவராகவே வந்து சொன்னார்.

"அண்ணே, ரோட்டுக்கு அடியில ஒரு பைப்பு பதிச்சுட்டாப் போதும். அதுக்குள்ள உங்க ஓஸை விட்டு இழுத்துக்கலாம். அரை நாள் வேலை. ஆனா ஆபீஸ்லேர்ந்து ஒரு சீட்டு வேணும். சீட்டு இல்லாம தோண்டினா என் பொழப்புல மண்ணு."

"எத்தனை நாள் பொறுப்பீங்க?"

"இந்த இடத்தைக் கடைசியா வச்சுக்கறேன். இருபது நாள். அதுக்கு மேல என் கையில இல்ல."

அன்று மாலையே மகளை உட்கார வைத்து மனு எழுதச் சொன்னார். பள்ளிக் கடைசி வருடம், முத்து முத்தான கையெழுத்து. அவள் 'பைப்பு' என்று எழுதியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய ஆபீஸுக்குப் போறதும்மா. நல்ல தமிழ்ல குழாய்னு போடு."

"எந்த இடத்துல, எதுக்குன்னு விளக்கமா எழுதவாப்பா?"

"வளவளன்னு எழுதினா யாரு படிப்பா? ரோடு குறுக்க வந்ததால தண்ணிக்கு வழியில்ல, குழாய் போட்டுக் குடுங்கன்னு எழுது. படிச்சவங்களுக்கு நாம சொல்லியா தரணும்?"

அவள் அடித்துவிட்டு வேறு தாளில் அழகாக எழுதினாள்.

மனுவுக்கு முத்திரை விழுந்தது. பிறகு வாரம் இரண்டு முறை போய் விசாரித்தார். "மேல போயிருக்கு" என்றார் குமாஸ்தா. அவரும் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே இலைகள் சுருண்டு, பூக்கள் கொட்ட ஆரம்பித்தன.

பத்தொன்பதாம் நாள் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. அவருக்கு உயிர் வந்தது போலிருந்தது. சூப்பர்வைசரைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவரும் கடப்பாரையோடு இரண்டு ஆட்களை அழைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஜீப்பிலிருந்து சிமெண்ட் மூட்டை இறங்கியது. பின்னால் இடுப்பளவு இரும்புக் கம்பம் ஒன்று, தலையில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய்த் திருகு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். கிணறு வைத்திருப்பவனுக்குமா கிளம்பும்?

"ஐயா, நான் கேட்டது இந்தக் குழாய் இல்லீங்க..."

"பின்ன எந்தக் குழாய்?" அதிகாரி தாளை நீட்டினார். "தண்ணிக்கு வழியில்ல, குழாய் வேணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அவனவன் வருஷக்கணக்கா அலையறான். உங்களுக்குப் பத்தொன்பது நாள்ல வந்திருக்கு."

ரோட்டுக்கு அடியில், கிணறு அந்தப் பக்கம், ஓஸ் என்று அவர் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். அதிகாரி கேட்காமல் இல்லை, முழுவதும் கேட்டார். "அப்ப அது வேற செக்‌ஷன். புது மனு குடுங்க" என்றார். கம்பத்தை நட்டுப் பூசியதும், பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்றார் அதிகாரி. மோட்டார்க்காரர் சிரித்தார். அப்படிச் சிரித்ததுதான் அன்று ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை.

ஜீப் போனதும் மனைவி குழாயைத் திருகினாள். புஸ்ஸென்றது.

"காத்துதான் வருது" என்றாள்.

சூப்பர்வைசர் மனுவின் நகலை இரண்டு முறை படித்தார். "அண்ணே, இதுல 'அடியில'ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தாக்கூட..." என்று ஆரம்பித்தவர், மகள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் தலை குனிந்திருந்தது. நான்தானம்மா அப்படி எழுதச் சொன்னேன் என்று சொல்ல மோட்டார்க்காரருக்கு நாக்கு வரை வந்தது. ஆட்கள் முன்னால் சொல்ல முடியவில்லை.

இருபது நாள் கெடு முடிந்து, மறுநாளுக்கு மறுநாள் காலையில் அந்த இடத்திலும் ஜல்லி கொட்டினார்கள். பின்னாலேயே ரோலர் வந்தது. மோட்டார்க்காரர் வரப்பில் உட்கார்ந்து அது போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அட்டையும் வெள்ளைத் தாளுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"புது மனு எழுதலாம்ப்பா. என்னன்னு எழுத? நீங்க சொல்ற மாதிரியே எழுதறேன்."

அவர் வாயைத் திறந்தார். எந்த வார்த்தையைச் சொன்னால் எது வந்து இறங்குமோ என்றிருந்தது. ரோலர் பக்கத்தில் வந்தபோது வரப்பு அதிர்ந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.